ஓர் அகில் துண்டின் விலை எங்கே போகிறது?

உள்ளங்கை அளவு அகில் கட்டை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கறுத்து, எண்ணெய் ஊறியதுபோல் கனத்துக் கிடக்கும். அதில் ஒரு சீவலைத் தணலில் போட்டால் வீடு முழுக்க மணக்கும். வளைகுடா நாட்டு வாசனைக் கடையில் அந்தக் கட்டைக்குக் கொடுக்கும் பணம் ஒரு பக்கம். போர்னியோ காட்டில் அதைத் தேடி வெட்டி எடுத்தவர் கையில் விழுந்த பணம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மனம் கசந்துபோகும். நடுவில் பல கைகள் இருக்கின்றன, ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. ஏறிய விலை யாரிடம் தங்குகிறது, ஏன் அவரிடம் தங்குகிறது என்று படிப்படியாகக் கேட்டுப் பார்க்கும் முறைக்கு மதிப்புச் சங்கிலி ஆய்வு என்று பெயர்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு மட்டுமே உரிய விஷயமாக இதை நினைக்க வேண்டாம். கூட்டல், கழித்தல், கொஞ்சம் பொறுமை போதும். வாசனை மரங்களைக் கொண்டு சொன்னால் இன்னும் எளிதாகப் பிடிபடும். ஏனென்றால் காட்டில் எடுப்பவருக்கும் கடையில் வாங்குபவருக்கும் இடையே இவ்வளவு தூரம் உள்ள சரக்குகள் குறைவு.

முதலில் மரத்தைப் பார்ப்போம்

அகில் என்பது தனி மரத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். மரம் உண்டுதான், தாவரவியலில் அக்விலேரியா, கைரினாப்ஸ் என்று இரண்டு பேரினங்கள். அசாம் முதல் வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா, பப்புவா வரைக்கும் வளர்கின்றன. இலங்கையில் வல்லப்பட்டை என்று சொல்வதும் கைரினாப்ஸ் வகைதான். ஆனால் நல்ல ஆரோக்கியமான மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிய, லேசான, மணமே இல்லாத கட்டை மட்டும் இருக்கும். மரத்தில் காயம் பட வேண்டும். பூச்சி துளைக்கலாம், கிளை முறியலாம், பூஞ்சை இறங்கலாம். அந்தத் தொல்லையை எதிர்க்க மரம் ஒரு பிசினைச் சுரக்கும். ஆண்டுக்கணக்கில் அது கட்டைக்குள் ஊறி இறுகிய பகுதிதான் அகில். சீன மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் இதற்கு உள்ள பெயருக்கு 'நீரில் மூழ்கும் மணம்' என்று பொருள். பிசின் நிறைந்த கட்டை மிதக்காமல் அடியில் போய்விடும் என்பதால் வந்த பெயர். (நம் 'அகில்' போர்த்துக்கீசியர் வாயில் 'அகிலா' ஆகி, லத்தீனில் கழுகைக் குறிக்கும் சொல்லோடு குழம்பி, கடைசியில் ஆங்கிலத்தில் 'கழுகு மரம்' ஆகிவிட்டது. சொல்லும் சரக்கோடு கப்பலேறிப் பயணம் போயிருக்கிறது.)

இயற்கைக் காட்டில் எல்லா மரத்திலும் அகில் கிடைக்காது. சில மரங்களில் மட்டும்தான், அதிலும் எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது. அனுபவசாலிகள் இலை மஞ்சளிப்பது, கிளை காய்வது, பட்டையில் புடைப்பு, எறும்புப் புற்று என்று சின்னச் சின்ன அடையாளங்களைப் பார்த்து ஊகிப்பார்கள். போர்னியோவின் பெனான் மக்களில் இந்தக் கலை தெரிந்தவர்கள், பிசின் ஏறிய பகுதியை மட்டும் குடைந்து எடுத்துவிட்டு மரத்தை உயிரோடு விட்டுவருவதும் உண்டு. கலை தெரியாமல் விலையை மட்டும் கேள்விப்பட்டு வந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் சாய்த்துவிடுவார்கள்.

இந்த நிச்சயமின்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்குப் போடும்போது இதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போடும்.

சங்கிலி என்றால் என்ன

1985-இல் மைக்கேல் போர்ட்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'மதிப்புச் சங்கிலி' என்ற சொல்லைப் பரவலாக்கினார். அவர் பேசியது ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் வேலைகளைப் பற்றி. எந்த வேலை பொருளுக்கு எவ்வளவு மதிப்பைச் சேர்க்கிறது என்று பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அதை நாடு விட்டு நாடு நீட்டினார்கள். காபி, துணி, மீன், மரம் என்று எந்தச் சரக்கானாலும் அது பிறக்கும் இடத்திலிருந்து கரையும் இடம் வரை தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள்.

அகிலுக்கு அந்தச் சங்கிலி ஏறத்தாழ இப்படிப் போகும். நாலைந்து பேர் கொண்ட குழு காட்டுக்குள் வாரக்கணக்கில் சுற்றி எடுத்து வருகிறது. ஆற்றங்கரை ஊரில் இருக்கும் சிறு வியாபாரி வாங்குகிறார். மலேசியா, இந்தோனேசியா பக்கம் அவரைத் தவுக்கே என்பார்கள். அவரிடமிருந்து நகரத்து மொத்த வியாபாரிக்குப் போகும். அங்கே வெளிறிய பகுதியைச் சீவித் தள்ளித் தரம் பிரிப்பார்கள். அப்புறம் ஏற்றுமதியாளர். சிங்கப்பூர் பல காலமாக இந்தச் சரக்கு வந்து இறங்கி மறுபடி கப்பலேறும் சந்திப்பு. அங்கிருந்து சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், தைவான், ஜப்பான் என்று பிரியும். மட்டமான சரக்கு வடிகலனுக்குப் போய் எண்ணெயாகும். அத்தராகவோ வாசனைத் திரவியத்தின் ஒரு துளியாகவோ முடியும். எண்ணெய் எடுத்த சக்கைத்தூளும் வீணாவதில்லை, ஊதுபத்திக்குப் போகும்.

இதுவரைக்கும் வரைபடம்தான். அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டால் புரிந்துவிட்டதாகத் தோன்றும். என்னைக் கேட்டால் விஷயமே இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது கற்பனைக் கணக்கு. எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை, நாணயம் எதுவாக இருந்தாலும் சரி. ஒரு குழு ஒரு முறை காட்டுக்குப் போய் எடுத்து வந்த சரக்கு, கடைசியில் வாங்குபவரிடம் 1,000-க்கு விற்கிறது என்று கொள்வோம். குழுவுக்குக் கிடைத்தது 150. ஊர் வியாபாரி அதை 250-க்கு விற்றார், மொத்த வியாபாரி 400-க்கு, ஏற்றுமதியாளர் 650-க்கு. கடைக்காரர் 1,000-க்கு விற்றார்.

இங்கே எல்லோரும் முதலில் சொல்வது: எடுத்தவருக்கு 15 சதவீதம், மற்றவர்களுக்கு 85 சதவீதம், என்ன அநியாயம்! அநியாயம் இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் அது இன்னும் தெரியவில்லை. விலையில் பங்கு வேறு, லாபத்தில் பங்கு வேறு. கடைக்காரருக்கு வாடகை உண்டு, வரி உண்டு, விற்காமல் கிடக்கும் சரக்கு உண்டு. அவரவர் செலவைக் கழித்த பிறகுதான் பேச வேண்டும்.

சரி, கழிப்போம். ஏற்றுமதியாளர் 400-க்கு வாங்கி 650-க்கு விற்கிறார். உரிமம், போக்குவரத்து, சீவும் கூலி எல்லாம் 120 என்றால் மிச்சம் 130. ஊர் வியாபாரி 150-க்கு வாங்கி 250-க்கு விற்கிறார். படகுக்கும் மற்றதற்கும் 40 போனால் மிச்சம் 60. காட்டுக்குப் போன குழுவுக்கு அரிசி, எரிபொருள், படகு வாடகை என்று 110 செலவு. மிச்சம் 40. மூன்றையும் பார்த்தால் 40, 60, 130. ஏற்றத்தாழ்வு இருக்கிறது, ஆனால் தலை சுற்றும் அளவுக்கு இல்லையே என்று தோன்றும். இடைத்தரகர்களுக்காக வாதாடுபவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள்.

நாம் நிறுத்த வேண்டாம். குழுவில் 5 பேர். 40-ஐப் பிரித்தால் ஆளுக்கு 8. அதற்கு 20 நாள் காட்டில் இருந்திருக்கிறார்கள். ஊர் வியாபாரி ஒருவர் 10 குழுக்களிடம் வாங்குகிறார். 60 வீதம் 600. ஏற்றுமதியாளர் கைக்கு 100 குழுக்களின் சரக்கு வந்து சேருகிறது. 130 வீதம் 13,000. ஒரு குழுவின் சரக்குக்கு என்ன லாபம் என்று பார்த்தபோது மறைந்திருந்தது, ஓர் ஆளுக்கு என்ன வருமானம் என்று பார்த்தவுடன் வெளியே வருகிறது. சங்கிலியின் அடியில் ஆயிரக்கணக்கான பேர், நடுவில் சில நூறு பேர், ஏற்றுமதி முனையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மணல் கடிகாரத்தின் இடுப்புபோல எங்கே சங்கிலி குறுகுகிறதோ அங்கே பணம் தேங்கும்.

இன்னும் ஒரு படி போக வேண்டும். எல்லாப் பயணத்திலும் அகில் கிடைக்காது என்று சொன்னேன் அல்லவா? 3 பயணத்தில் ஒன்று வெறுங்கையோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 பயணத்தில் மிச்சம் 80. வெறுங்கைப் பயணத்தில் வரவு எதுவும் இல்லை, செலவு மட்டும் 110. மொத்தம் 30 நஷ்டம். இரண்டு மாதம் காட்டில் அலைந்தவர்கள் கடனாளியாக வீடு திரும்புகிறார்கள். அவர்கள் எடுத்த சரக்கு அதற்குள் இரண்டு கடல் தாண்டி லாபத்தோடு விற்றிருக்கும். முதன்முதலில் இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுப் பார்த்தபோது விடை தப்போ என்று திரும்பவும் போட்டேன். தப்பு இல்லை.

யாரைத் தாண்டிப் போக முடியாது?

அப்படியானால் லாபம் எதைப் பார்த்துப் போகிறது? அதிகம் உழைப்பவரிடமோ அதிக ஆபத்தைச் சுமப்பவரிடமோ அது தானாகப் போய்ச் சேருவதில்லை. யாரைத் தாண்டிப் போக முடியாதோ அவரிடம் போகிறது. வாசனை மர வியாபாரத்தில் அப்படித் தாண்ட முடியாத வாசல்களாக எனக்குப் பெரிதாகத் தெரிபவை மூன்று: தரம் பார்க்கும் கண், காத்திருக்கக்கூடிய பணம், அனுமதிக் காகிதம்.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன். அகிலுக்குச் சந்தை விலை என்று ஒரே விலை கிடையாது. மட்டமான சீவல் கிலோ சில பத்து டாலருக்குக் கிடைக்கும், உயர்ந்த சரக்கு கிலோ பல ஆயிரம் டாலருக்கும் மேலே போகும். நிறம், கனம், பிசின் எவ்வளவு ஊறியிருக்கிறது, சுட்டால் என்ன மணம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் தரம் சொல்கிறார்கள். இந்தோனேசியாவில் பிசின் நிறைந்ததை 'குபால்' என்றும் அதற்குக் கீழானதைக் 'கெமெடாங்கான்' என்றும் பிரித்து, அதற்குள்ளும் பல படிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு படிகளுக்கு நடுவே கோடு போடுவது யார்? வாங்குபவர். முதல் தரம் என்று எடுத்து வந்ததை 'இது இரண்டாம் தரம்தான்' என்று அவர் சொல்லிவிட்டால், ஆற்றங்கரையில் நிற்கும் ஐந்து பேருக்கு மறுத்துச் சொல்ல ஆதாரம் இல்லை. துபாயில் இந்தத் துண்டு எந்தப் பெயரில், என்ன விலைக்கு விற்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெளிறிய பகுதியைச் சீவிவிட்டால் அதே துண்டு அடுத்த படிக்கு ஏறிவிடும். சீவுவது உண்மையான வேலை, அதற்குக் கூலியும் போகிறது. ஆனால் தரம் ஏறியதால் வந்த பணம் சீவியவரிடமும் போவதில்லை, வெட்டியவரிடமும் போவதில்லை.

சந்தனத்திலும் இதே கதைதான். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வனத்துறைக் கிடங்குகளில் சந்தனக் கட்டையை 18 வகுப்பாகப் பிரிக்கும் வழக்கம் உண்டு. விலாயத் புத், சைனா புத், பஞ்சம் என்று போகும் அந்தப் பெயர்களைப் பாருங்கள். சீமைக்குப் போவது, சீனாவுக்குப் போவது என்று தரத்தின் பெயரே வாங்குபவரின் ஊரைச் சொல்கிறது. மரம் வளர்ந்த மலையின் பெயரோ வெட்டிச் சுமந்தவரின் சொல்லோ அதில் இல்லை.

அசாமில் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். அங்கே அகில் மரம் வீட்டுத் தோட்டங்களிலேயே வளர்கிறது. ஹோஜாய் என்ற ஊர் அகில் எண்ணெய்க்குப் பேர்போனது. தண்டைத் துளைக்கும் ஒரு புழுதான் அங்கே மரத்துக்குள் பிசினைத் தொடங்கிவைக்கிறது. மரம் தோட்டக்காரருக்கே சொந்தம். ஆனாலும் பலர் மரத்தை நின்றபடியே வியாபாரியிடம் விற்றுவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு அகில் இருக்கிறது என்று கணிக்கும் கண் வியாபாரியிடம் இருக்கிறது. வெட்டிப் பார்த்து அகில் குறைந்தால் அவருக்கு நஷ்டம், கூடினால் அவருக்கு லாபம். நூறு மரம் வாங்குபவருக்கு ஒன்றில் போனது இன்னொன்றில் வந்துவிடும். இரண்டு மரம் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மரம் சொந்தமாக இருந்தும் லாபம் கைமாறிப் போவது இப்படித்தான்.

அடுத்தது பணம். காட்டுக்குப் போகும் குழுவுக்கு முன்பணமும் அரிசியும் கொடுப்பவர் பெரும்பாலும் அதே ஊர் வியாபாரிதான். பற்று எழுதிக்கொண்டு கொடுப்பார். திரும்பி வந்ததும் சரக்கை அவரிடமே கொடுக்க வேண்டும் என்பது பேசாத ஒப்பந்தம். நம் கணக்கில் அந்த 110 செலவைப் பிரித்துப் பார்ப்போம். கையில் ரொக்கம் இருந்து நகரத்துக் கடையில் வாங்கியிருந்தால் 80 ஆகியிருக்கும் என்று வையுங்கள். மீதி 30, கடனுக்கான வட்டி. ஆனால் வட்டி என்ற பெயரில் எங்கும் எழுதியிருக்காது, அரிசி விலைக்குள் மறைந்திருக்கும். சரக்குக்குக் குறைத்துக் கொடுக்கும் விலைக்குள்ளும் மறைந்திருக்கும். கடன் இருக்கும்வரை வேறு ஆளிடம் போய் விலை கேட்க முடியாது. கடன் அடையாததற்குக் காரணமும் வேறு ஆளிடம் விலை கேட்க முடியாததுதான்.

அந்த வியாபாரியைக் கெட்டவராக மட்டும் வரைந்துவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. வெறுங்கையோடு வரும் குழுவுக்கு மறுபடி அரிசி கொடுப்பவர் அவர். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் இரவில் கதவைத் தட்டக்கூடிய ஒரே வீடு அவருடையதாக இருக்கும். வங்கி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது. 'இடைத்தரகரை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று தொடங்கும் திட்டங்கள் பல சறுக்குவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் செய்த ஐந்து வேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி நான்கை யார் செய்வது என்று யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

காத்திருப்பதும் பணம்தான். நல்ல அகில் பத்திரமாக வைத்தால் எளிதில் கெடாது. விலை ஏறட்டும் என்று வைத்திருக்க முடிந்தவர் வைத்திருப்பார். ஜப்பானில் நாரா நகரத்தின் ஷோசோயின் கருவூலத்தில் 'ரஞ்சதாய்' என்ற பெரிய அகில் கட்டை நூற்றாண்டுக்கணக்காக இருக்கிறது. போர்த்தலைவர் ஓடா நொபுனாகா 1574-இல் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டார், 1877-இல் மெய்ஜி பேரரசர் வெட்டிக்கொண்டார். அவ்வளவு காலம் தாங்கும் சரக்கை, அன்றைக்கு மாலையே விற்றாக வேண்டிய நிலையில் இருப்பவரிடமிருந்து வாங்குகிறார்கள். பேரம் தொடங்கும் முன்பே விலை பாதி முடிவாகிவிடுகிறது.

காகிதம்

அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தில் அக்விலேரியா மலாக்கென்சிஸ் என்ற இனம் 1995 முதல் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2004-இல் பாங்காக்கில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அக்விலேரியா, கைரினாப்ஸ் இரண்டின் எல்லா இனங்களும் அதில் சேர்ந்தன. இரண்டாம் பட்டியல் என்றால் தடை கிடையாது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு வேண்டும், இந்த வியாபாரத்தால் இனம் அழியாது என்று அந்நாட்டு அறிவியல் அமைப்பு சொல்ல வேண்டும். மரத்தைக் காப்பாற்ற இது தேவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அனுமதிச் சீட்டு வந்தவுடன் சங்கிலியில் ஒரு புது வாசல் முளைக்கிறது. ஆண்டு ஒதுக்கீடு இவ்வளவு கிலோ என்று வைத்தால், அந்த ஒதுக்கீட்டில் இடம் வைத்திருப்பவருக்குத் தனி மதிப்பு. காட்டு ஓரத்தில் இருக்கும் குழு தலைநகருக்குப் போய் விண்ணப்பம் எழுதி அந்தச் சீட்டை வாங்கப் போவதில்லை. சீட்டு வைத்திருப்பவரிடம்தான் வந்தாக வேண்டும். சீட்டு இல்லாமல் போகும் சரக்கு கள்ளச்சரக்காகிறது. வழியில் கொடுக்க வேண்டிய லஞ்சத்தை எல்லாம் கடைசியில் யார் விலையில் கழிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பேரம் பேசும் வலு யாருக்கு மிகக் குறைவோ அவர் விலையில்தான்.

காகிதம் மரத்தையே பகையாக்கிய கதை ஒன்று இருக்கிறது. மேற்குத் திமோர் சந்தனத்துக்குப் பல நூற்றாண்டாகப் பேர்போன இடம். அது அடங்கிய இந்தோனேசிய மாநிலம் 1986-இல் ஒரு விதி போட்டது. சந்தனம் எங்கே முளைத்தாலும், அது தனியார் நிலமாகவே இருந்தாலும், மாநில அரசுக்குச் சொந்தம். விற்ற பணத்தில் அரசுக்கு 85 சதவீதம், நிலத்துக்காரருக்கு 15. வெட்டினால் வழக்கு, மரம் திருடுபோனாலும் விசாரணை நிலத்துக்காரரிடம்தான். விளைவு என்ன? மக்கள் சந்தனத்தைப் 'பேய் மரம்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வயலில் சந்தனக் கன்று தலைகாட்டினால் பிடுங்கி எறிந்தார்கள். பின்னால் 1996-இல் நிலத்துக்காரர் பங்கை 40 சதவீதமாக உயர்த்தினார்கள், அதற்குள் மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன.

நம் பக்கத்திலும் இது நடந்தது. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். மைசூரில் அன்று தொடங்கிய அரசு உரிமை, ஆட்சிகள் மாறியும் இருநூறு ஆண்டு நீடித்தது. சொந்த நிலத்தில் சந்தனம் முளைத்தால் தலைவலி என்று கன்றைக் கிள்ளி எறிந்த விவசாயிகள் இரு மாநிலத்திலும் உண்டு. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றன. வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறை அனுமதி இன்றைக்கும் வேண்டும். ஆனாலும் கன்றைப் பிடுங்கிய கை நட ஆரம்பித்தது. லாபத்தைப் பிரிக்கும் விதி மாறியதும் மரத்தின் தலைவிதியும் மாறியது.

கடன் ஒரு நாட்டையே கட்டிப்போட்ட கதை

மேலே சொன்ன வாசல்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1810-களில் அமெரிக்கக் கப்பல்காரர்கள் ஹவாய்ச் சந்தனத்தைச் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். முதலாம் கமேஹமேஹா அரசர் இருந்தவரை வியாபாரம் அவர் ஒருவர் கையில் இருந்தது. 1819-இல் அவர் இறந்தபின் தலைவர்கள் ஒவ்வொருவரும் நேரடியாக வியாபாரம் செய்யத் தொடங்கினார்கள். கப்பல்காரர்கள் பட்டுத் துணி, மரச்சாமான், கப்பல் என்று எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்தார்கள். கணக்கைச் சந்தனத்தில் எழுதினார்கள். 1820-இல் புது அரசர் ஒரு சொகுசுக் கப்பலை 8,000 பிக்கல் சந்தனத்துக்கு வாங்கினார். ஒரு பிக்கல் சுமார் 60 கிலோ.

அந்தச் சந்தனத்தை மலையில் ஏறி வெட்டியவர்கள் சாதாரணக் குடிமக்கள். கப்பலின் அடித்தளம் எவ்வளவு நீள அகலமோ அதே அளவில் மலைமேல் குழி வெட்டி, அது நிறையும் வரை கட்டையைப் போட்டு அளந்தார்கள். பிறகு முதுகில் சுமந்து கடற்கரைக்கு இறக்கினார்கள். சுமந்து காய்த்துப்போன முதுகுக்கு ஹவாய் மொழியில் தனிப் பெயரே ஏற்பட்டது. வயல் வேலைக்கு ஆள் இல்லை. கடன் ஏறிக்கொண்டே போனதும் 1826-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் வந்து கேட்டன. அந்த ஆண்டு இறுதியில் ஒரு வரி போட்டார்கள்: ஒவ்வோர் ஆணும் அரை பிக்கல் சந்தனம் கொடுக்க வேண்டும், அல்லது 4 ஸ்பானிய டாலர். தலைவர்கள் வாங்கிய கடன் தேசத்தின் கடனாகி, தேசத்தின் கடன் ஒவ்வொருவர் முதுகிலும் 30 கிலோவாக ஏறியது. 1830-களில் சந்தனம் தீர்ந்துபோய் வியாபாரம் நின்றது.

இதில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் கேள்வியே பொருந்தாது. சுமந்தவர்கள் சங்கிலியில் விற்பவராகக்கூட இல்லை. மதிப்புச் சங்கிலியைப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் பெயர் வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள். காட்டில் குழுவுக்குச் சமைக்கப் போனவர், சீவல் தூளைப் புடைக்கும் கூலியாள், கணவன் காட்டில் இருக்கும் மாதங்களில் வயலைத் தனியாகப் பார்த்த மனைவி. இவர்கள் உழைப்பைக் கணக்கில் சேர்த்தால் நம் கணக்கில் ஆளுக்குக் கிடைத்த 8 இன்னும் சிறுத்துவிடும்.

நட்டு வளர்த்தால்?

இன்று வியட்நாம், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, அசாம், திரிபுரா என்று பல இடங்களில் அகிலைத் தோட்டமாகவே நடுகிறார்கள். மரத்தில் துளையிட்டுப் பூஞ்சைக் கரைசலை ஏற்றிப் பிசினை வரவழைக்கும் முறைகள் வந்திருக்கின்றன. காட்டுக்கு இது நல்லது. காட்டில் அலைபவரின் நிச்சயமின்மையும் பெருமளவு குறைகிறது. ஆனால் வாசல்கள் மறைவதில்லை, இடம் மாறுகின்றன. கரைசல் விற்பவர் ஒரு வாசல், வடிகலன் வைத்திருப்பவர் இன்னொரு வாசல். பூச்சியும் பூஞ்சையும் தானாகச் செய்த வேலைக்கு இப்போது விலை கொடுக்க வேண்டும். கன்று விற்பவர்கள் 'இத்தனை ஆண்டில் கோடீஸ்வரர் ஆகலாம்' என்று சொல்வதை நம்பி நிலத்தை ஒப்படைக்கும் முன், என் மரத்தின் தரத்தை யார் சொல்வார், எத்தனை பேர் வாங்க வருவார்கள், சீட்டு யார் பெயரில் இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

நம் கணக்குக்குத் திரும்புவோம். 3 பயணம், 30 கடன். விலையில் ஒரு காசுகூட மாற்றாமல் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: புறப்படும் முன் அந்தக் குழுவிடம் 20 நாள் அரிசிக்கும் படகுக்கும் சொந்தப் பணம் 80 இருக்கிறது. கிடைத்த பயணத்தில் மிச்சம் 70, இரண்டுக்கு 140. வெறுங்கைப் பயணத்தில் போவது 80. முடிவில் 60 மிஞ்சுகிறது. கடன் இல்லாததால் சரக்கை இன்னொரு வியாபாரியிடமும் காட்டுகிறார்கள், 150 என்பது 180 ஆகிறது. இப்போது கிடைத்த பயணத்தில் மிச்சம் 100, இரண்டுக்கு 200. வெறுங்கைப் பயணத்துக்கு 80 போனால் 120. ஆளுக்கு 24. கடைக்காரர் அதே 1,000-க்குத்தான் விற்றிருக்கிறார்.